புது வசதி கிடக்கட்டும், கடைசி நாள் எப்போ?

2025 நவம்பர் 20 அன்னிக்கு பிஎச்பி 8.5 வெளியாச்சு. மறுநாள் டீக்கடையில எங்க கூட்டம் பேசினது முழுக்க பைப் ஆபரேட்டர் பத்தித்தான். ஒரு மதிப்பை எடுத்து ஒரு ஃபங்ஷனுக்குள்ள தள்ளி, அங்கேர்ந்து வர்றதை அடுத்ததுக்குள்ள தள்ளி, அப்படியே வரிசையா எழுதிட்டுப் போகலாம். முன்னாடி மாதிரி அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி போட்டு, உள்ளேர்ந்து வெளியே படிச்சுட்டு வர வேண்டாம். நல்ல வசதிதான், மறுக்கல. அதோட, ஒரு அர்ரேயில முதல்ல இருக்கிறதையும் கடைசியில இருக்கிறதையும் நேரா எடுக்க ரெண்டு ஃபங்ஷன் வந்திருக்கு. 1995ல பிறந்த மொழிக்கு வரிசையில முதல் ஆளைக் கூப்பிட 30 வருஷம் ஆகியிருக்கு :-)

இதுல யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. பிஎச்பி தளத்துலயே ஆதரவு தேதிகளுக்குன்னு ஒரு பக்கம் வச்சிருக்காங்க. பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு கலர் கலரா பட்டை போட்டு, எந்த வெர்ஷன் எந்த நாள்ல கண்ணை மூடும்னு சொல்லியிருப்பாங்க. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவங்க கையைத் தூக்குங்கன்னு டீக்கடையில கேட்டேன். ஏழு பேர்ல ஒருத்தன் தூக்கினான், அவனும் வடை கேட்கத்தான் தூக்கினான்.

என்னைக் கேட்டா, சமீப வருஷங்கள்ல பிஎச்பிக்கு வந்த பெரிய வசதி பைப் ஆபரேட்டரும் இல்ல, 8.4ல வந்த பிராப்பர்ட்டி ஹூக்கும் இல்ல. 2024ல எடுத்த ஒரு முடிவுதான். அதுவரைக்கும் ஒரு வெர்ஷன் வந்தா ரெண்டு வருஷம் பிழை திருத்துவாங்க, அப்புறம் ஒரு வருஷம் பாதுகாப்பு ஓட்டையை மட்டும் அடைப்பாங்க, மொத்தம் மூணு வருஷம். 2024ல அந்தப் பாதுகாப்புக் காலத்தை ரெண்டு வருஷமாக்கி, முடியுற நாளையும் டிசம்பர் 31ன்னு ஒரே மாதிரி வச்சுட்டாங்க. அப்போ உயிரோட இருந்த 8.1லேர்ந்தே இது பொருந்தும். அதனால 8.1க்கு 2025 டிசம்பர் 31, 8.2க்கு 2026, 8.3க்கு 2027, 8.4க்கு 2028, இப்போ வந்த 8.5க்கு 2029. எல்லாமே வருஷக் கடைசி. காலண்டர்ல ஒரு வட்டம் போட்டா போதும்.

ஒரே ஒரு வருஷம்தானே, அதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்புன்னு கேக்கலாம். அந்த ஒரு வருஷத்தோட மதிப்பு என்னன்னு 2024 ஜூன்ல தெரிஞ்சுது.

விண்டோஸ் சர்வர்ல பிஎச்பியை சிஜிஐ முறையில ஓட்டினா, வெளியாள் ஒருத்தன் இணைய முகவரியில நாலு எழுத்தைச் சேர்த்தே உங்க மெஷின்ல அவன் கோடை ஓட விடலாம்னு தைவான்காரங்க கண்டுபிடிச்சாங்க. இதே மாதிரி ஓட்டை 2012லயே வந்து, அப்பவே அடைச்சதுதான். முகவரியில ஹைஃபன் குறி வந்தா அதை பிஎச்பிக்கான கட்டளையா எடுத்துக்காம இருக்க ஒரு தடுப்பு போட்டிருந்தாங்க. ஆனா விண்டோஸுக்கு ஒரு பழக்கம் இருக்கு. தெரியாத எழுத்தைப் பார்த்தா, கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற எழுத்தா அதுவே மாத்திக்கும். சில மொழி அமைப்புகள்ல, கண்ணுக்குத் தெரியாத 'மெல்லிய ஹைஃபன்' எழுத்தை அனுப்பினா, தடுப்பு அதை விட்டுடுது, அப்புறம் விண்டோஸ் அதை நிஜ ஹைஃபனா மாத்திக் கொடுத்துடுது. வாட்ச்மேன் கண்ணு முன்னாடி வேஷ்டி கட்டிட்டுப் போயி, உள்ள போனதும் பேன்ட்டுக்கு மாறின மாதிரி. சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள விண்டோஸ்ல இதை நிரூபிச்சுக் காட்டினாங்க. விஷயம் வெளியான சில நாள்லயே மெஷினைப் பூட்டி வச்சுப் பணம் கேக்குற கும்பல் இதைக் கையில எடுத்துக்கிச்சு.

பேட்ச் உடனே வந்துச்சு: 8.3.8, 8.2.20, 8.1.29. அவ்வளவுதான். 8.0க்கு வரல. ஏன்னா 8.0 கண்ணை மூடினது 2023 நவம்பர் 26, இந்த ஓட்டை வெளிய வந்தது 2024 ஜூன். நடுவுல வெறும் ஆறு மாசம் சொச்சம். பழைய கணக்குப்படி மூணு வருஷம் முடிஞ்சது, பொட்டியைக் கட்டியாச்சு. 8.0க்கும் நாலு வருஷம்னு இருந்திருந்தா அதுக்கும் பேட்ச் வந்திருக்கும். நான் சொல்ற ஒரு வருஷம் இதுதான்.

சரி, 'ஓடிட்டுத்தானே இருக்கு, ஏன் தொடணும்?' பார்ட்டிகிட்ட வருவோம்.

இந்த வாதத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். இதைச் சொல்றவங்கள்ல பாதிப் பேர் சோம்பேறிங்க இல்ல, காசு கொடுத்தவங்க. கோயம்புத்தூர் பக்கம் நண்பனோட சித்தப்பா ஒருத்தர் மோட்டார் பம்ப் உதிரிபாகம் விக்கிறார். நானும் அவரை சித்தப்பான்னுதான் கூப்பிடுறது. 2016ல ஒரு சின்ன கம்பெனிகிட்ட காசு கொடுத்து வெப்சைட் போட்டார். சுத்துப்பட்டு ஊர் மெக்கானிக்குகள் அதுல பார்ட் நம்பர் போட்டு ஆர்டர் பண்ணுவாங்க, சாயங்கால பஸ்ல பார்சல் போயிடும். ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. 2023 ஆகஸ்ட்ல ஒரு திங்கக்கிழமை காலையில திறந்தா வெறும் வெள்ளைப் பக்கம். ஹோஸ்டிங் காரங்க சனி ஞாயிறுல 5.6ஐ எடுத்துட்டு 8.1 போட்டுட்டாங்க. அந்த வாரம் முழுக்க ஆர்டர் ஃபோன்லதான், அதுலயும் பாதி மெக்கானிக்குகள் வேற கடைக்குப் போயிட்டாங்க.

"ஏந்தம்பி, கடைய நானா மூடுனேன்? வாடகை பாக்கி வச்சனா?"ன்னு அவர் கேட்டார். ஹோஸ்டிங்குக்கு வருஷா வருஷம் தவறாம காசு கட்டின மனுஷன். என்ன பதில் சொல்றது?

நாலு வாரக் கடைசி உட்கார்ந்து அந்தக் கோடைப் பிரிச்சுப் பார்த்தேன். டேட்டாபேஸைத் தொடுற எல்லா இடத்துலயும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள். 2013ல 5.5 வந்தப்பவே 'இதை விட்டுடுங்க'ன்னு எச்சரிச்சு, 2015 டிசம்பர்ல வந்த 7.0ல எடுத்தே போட்டுட்டாங்க. அதாவது, இந்த சைட்டை எழுதின 2016ல அந்த ஃபங்ஷன்கள் புது பிஎச்பியில கிடையவே கிடையாது. வேணும்னே பழைய வெர்ஷனைப் பிடிச்சு வச்சு எழுதியிருக்காங்க, பழைய ப்ராஜெக்ட்லேர்ந்து காப்பி அடிக்க வசதியா. புது வீட்டுக்குப் பழைய ஒயரிங் போட்ட மாதிரி. ஓனருக்கு எப்படித் தெரியும்? சுவரைப் பூசியாச்சே.

அதெல்லாம்கூடப் பரவாயில்ல. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டா பிஎச்பி கத்தும், எங்கே தப்புன்னு வரி நம்பரோட சொல்லும், மாத்திடலாம். சத்தம் போடாம மாறுறதுதான் பயம். 7.4 வரைக்கும், 0ங்கிற எண்ணையும் 'நேரில்'ங்கிற சொல்லையும் ரெண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டா ரெண்டும் சமம்னு பிஎச்பி சொல்லும். சொல்லை எண்ணா மாத்தப் பார்த்து, முடியாம, 0ன்னு வச்சுக்கும். 2020 நவம்பர்ல வந்த 8.0ல இதைச் சரி பண்ணிட்டாங்க, இப்போ சமம் இல்ல. சரியான திருத்தம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா சித்தப்பா கடைக் கோடுல, பார்சலா நேரில் வந்து வாங்குறதான்னு வாங்குறவர் ஒண்ணும் தேர்ந்தெடுக்கலன்னா அந்த இடத்துல 0 இருக்கும். பழைய பிஎச்பியில அது 'நேரில்'னு கணக்காகி, பார்சல் கூலி சேராது. புதுசுல அதே ஆர்டருக்கு 150 ரூபாய் கூலி சேரும். எர்ரர் வராது, எச்சரிக்கை வராது, பில் மட்டும் மாறும். நாப்பது ரூபாய் வாஷர் வாங்க வந்த மெக்கானிக் 190 ரூபாய் பில்லைப் பார்த்தா சித்தப்பாவைப் பத்தி என்ன நினைப்பான்?

இதுக்கெல்லாம் மேல ஒரு கொடுமை. 5.6ஐ எடுக்கப் போறோம்னு ஹோஸ்டிங் காரங்க மூணு தடவை மெயில் அனுப்பியிருக்காங்க. யாருக்கு? 2016ல சைட் செஞ்சு கொடுத்த கம்பெனியோட மெயில் ஐடிக்கு. அக்கவுண்ட்டை அவங்க பேர்லதான் திறந்திருக்காங்க. அந்தக் கம்பெனியைக் கொரோனா சமயத்துலயே மூடிட்டாங்க. எச்சரிக்கை ஒழுங்காத்தான் வந்திருக்கு, ஆளில்லாத வீட்டுக்கு வந்திருக்கு.

இப்போ தப்பு யார் பேர்ல? பிஎச்பி ஆளுங்க மேலன்னு நான் சொல்ல மாட்டேன். 5.6 வந்தது 2014 ஆகஸ்ட். ஐந்தாம் வரிசையோட கடைசி வெர்ஷன்கிறதால அதுக்கு மட்டும் தனியா காலத்தை நீட்டி, 2018 டிசம்பர் 31 வரைக்கும் பாதுகாத்தாங்க. ஹோஸ்டிங் காரங்க அதுக்கு மேல அஞ்சு வருஷத்துக்குக் கிட்ட பொறுத்திருக்காங்க.

'அப்படின்னா பழசை எப்பவுமே விட்டு வைக்க வேண்டியதுதானே'ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு பழைய கதை. பிஎச்பி 5 வந்தது 2004 ஜூலை. ஆனா ஹோஸ்டிங் காரங்க 4ஐ விடல. ஏன்னா வாடிக்கையாளர்கள் மென்பொருள் எல்லாம் 4லதான் இருக்கு. மென்பொருள் எழுதுறவங்க 5க்கு மாறல. ஏன்னா ஹோஸ்டிங்ல எங்கயும் 5 இல்ல. நீ முதல்ல, நீ முதல்லன்னு மூணு வருஷம் வாசல்லயே நின்னாங்க. கடைசியில பல ஓப்பன்சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகள் கூடி, 2008 பிப்ரவரி 5லேர்ந்து எங்க புது வெளியீடுகளுக்கு 5.2தான் வேணும்னு சேர்ந்து அறிவிச்சாங்க. பிஎச்பி காரங்களும் 2008 ஆகஸ்ட் 8ஓட 4க்குப் பாதுகாப்பு பேட்ச் கிடையாதுன்னு சொன்னாங்க. அப்புறம்தான் கூட்டம் நகர்ந்துச்சு. தேதி இல்லாம யாரும் நகர மாட்டாங்க, நானும் நீங்களும் இன்கம்டாக்ஸ் கட்டுற மாதிரித்தான்.

வேர்ட்பிரஸ் வேற வழி போச்சு. 5.2 வரிசைக்கு 2011 ஜனவரியில ஆயுள் முடிஞ்சும், 5.2.4 இருந்தா போதும்னு 2019 மே வரைக்கும் தாங்கிப் பிடிச்சுது. 5.6ஐக் கைவிட்டது 2023 ஆகஸ்ட்லதான், 2024 ஜூலையிலதான் 7.2க்கு வந்துச்சு. எளியவன் சைட்டும் ஓடணும்னு நினைக்கிற அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனா செத்த வெர்ஷன் மேல நின்னுக்கிட்டு 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னு ஒரு நம்பிக்கையையும் அது கொடுத்துச்சு.

புது வசதிக்கு நாம மயங்குறதுக்கு உச்சக்கட்ட உதாரணம் பிஎச்பி 6. நம்ம மொழிக்கும் சம்பந்தம் உள்ள கதை. பிஎச்பியோட அடிப்படை ஃபங்ஷன்கிட்ட 'தமிழ்'ங்கிற சொல்லோட நீளம் என்னன்னு கேட்டா 15ன்னு சொல்லும். யூடிஎஃப் 8ல எத்தனை பைட்டோ அதை எண்ணும். பலபைட் ஃபங்ஷன்கிட்ட கேட்டா 5ன்னு சொல்லும், மெய்ப்புள்ளியையும் இகரக் கொம்பையும் தனித்தனியா எண்ணி. மூணு எழுத்துன்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்ற பதில் வேணும்னா அதுக்குன்னு தனியா இன்னொரு ஃபங்ஷன். இந்தக் குழப்பத்தை வேர்லயே தீர்த்து, மொழிக்குள்ளயே யூனிகோடு கொண்டு வர்றோம்னு சொன்னதுதான் 6. வருஷக்கணக்கா உழைச்சு, வேகமும் போய் ஆளும் சலிச்சு, 2010ல கைவிட்டாங்க. அதுக்குள்ள சந்தையில 'பிஎச்பி 6'ன்னு அட்டை போட்ட புத்தகங்களே வித்தாச்சு! 5க்கு அப்புறம் நேரா 7ன்னு தாவினதுக்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். வராத வசதிக்குப் புத்தகம் இருந்துச்சு. வந்தே தீர்ற கடைசி நாளுக்கு நம்ம ஆபீஸ்கள்ல ஒரு நோட்டீஸ்கூட இல்ல.

'ஜாவாவைப் பாரு, எத்தனை வருஷம் தாங்குது'ன்னு நண்பர் ஒருத்தர் அடிக்கடி சொல்வார். வாஸ்தவம், 2014ல வந்த ஜாவா 8க்கு ஆரக்கிள் 2030 டிசம்பர் வரைக்கும் ஆதரவு கொடுக்குது. காசு வாங்கிக்கிட்டு. வணிகப் பயன்பாட்டுக்கு அவங்க இலவச அப்டேட் 2019 ஜனவரியோட நின்னுபோச்சு. வேற அமைப்புகள் இலவசமா கொடுக்கிறது அவங்க புண்ணியம். பிஎச்பியில நிலைமை எப்படி இருந்துச்சுன்னா, 2021ல நிகிதா போபோவ்ங்கிற ஒரு மனுஷன் வேற வேலைக்குக் கிளம்புறார்னதும் மொழியோட எதிர்காலம் பத்தியே கவலை வந்து, அந்த நவம்பர்லதான் பிஎச்பி ஃபவுண்டேஷன்னு ஒண்ணை அறிவிச்சு, ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. உலகத்துல பாதிக்கு மேல வெப்சைட்டைத் தாங்குற மொழி, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க தோள்ல நின்னுச்சு. அவங்ககிட்டப் போயி பத்து வருஷம் பழசுக்கும் பேட்ச் போடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. நாலு வருஷம், வருஷக் கடைசியில ஒரு நாள், முன்கூட்டியே அறிவிப்பு. அவங்க பங்கு முடிஞ்சுது.

மிச்சம் நம்ம பங்கு. அந்தத் தேதி பிஎச்பி தளத்துலேர்ந்து நம்ம காதுக்கு வருது, நம்மகிட்டேர்ந்து காசு கொடுக்கிறவர் காதுக்குப் போறதில்ல. இடையில நாம முழுங்கிடுறோம். கிளையன்ட்டுக்கு பவர்பாயிண்ட்ல 'லேட்டஸ்ட் டெக்னாலஜி'ன்னு போடுவோம், அந்த லேட்டஸ்ட்டுக்கு ஆயுசு எத்தனை நாள்னு போட மாட்டோம்.

எங்க டேமேஜர்கிட்ட இதைச் சொன்னேன். "கொட்டேஷன்லயே சாவுத் தேதி போட்டா எவன்யா கையெழுத்துப் போடுவான்?"ன்னார். ஏன் போட மாட்டான்? நம்ம ஊர்ல ஏசி வாங்கினா ஏஎம்சி போடுறோம், தண்ணி ஃபில்டருக்கு வருஷத்துக்கு ஒருக்கா வடிகட்டி மாத்துறோம், இன்வெர்ட்டர் பேட்டரி மூணு நாலு வருஷத்துல போயிடும்னு கடைக்காரனே சொல்லித்தான் விக்கிறான். பம்ப் விக்கிற சித்தப்பாவே சீல் இத்தனை மாசம்தான் வரும்னு சொல்லித்தான் கொடுக்கிறார். தேயுற பொருளுக்குக் காசு எடுத்து வைக்க நம்ம ஜனங்களுக்குத் தெரியும். சாஃப்ட்வேரும் தேயும்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல. கண்ணுக்குத் துரு தெரியாதே.

அதனால இப்போ நான் தனியா எடுத்துச் செய்யற சின்ன வேலைகளுக்கு, கொட்டேஷன் கடைசியில தமிழ்ல ஒரு வரி சேர்த்துட்டேன்: "இது பிஎச்பி 8.4ல் எழுதப்படுகிறது, 2028 டிசம்பர் 31க்குப் பிறகு இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அதற்கு முன் புது வெர்ஷனுக்கு மாற்ற இவ்வளவு செலவாகும்." ஹோஸ்டிங் அக்கவுண்ட்டும் காசு கொடுக்கிறவர் மெயில் ஐடியிலதான் திறக்கணும்னு கண்டிஷன். இதுவரைக்கும் மூணு பேர்கிட்ட கொடுத்திருக்கேன். ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாங்க. மூணாவது ஆள், இந்த வரி இல்லாம கொட்டேஷன் கொடுத்த இன்னொருத்தர்கிட்ட போயிட்டார்.

பி.கு: உபுண்டு 22.04ல கூடவே வர்ற 8.1ஐ ஓட்டுறவங்க உடனே பதற வேண்டாம். பிஎச்பி ஆளுங்க 2025 டிசம்பரோட 8.1ஐ விட்டுட்டாலும், உபுண்டு காரங்க தங்கள் பங்குக்கு 2027 வரைக்கும் ஓட்டையை அடைச்சுத் தருவாங்க. ரெட்ஹாட் 7ல இருந்த 5.4ஐயும் இப்படித்தான் 2024 ஜூன் வரைக்கும் காப்பாத்தினாங்க. ஆனா அதுக்கு சர்வர்ல அப்டேட் ஓடணும். கடைசியா எப்போ ஓட்டினீங்கன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.